வேலைவாய்ப்பு வலைத்தளங்களில் குழூஉக்குறிகள்

முன்னுரை

ஒரு பொருளுக்குரிய இயல்பான சொல்லை விடுத்து, ஒரு கூட்டத்தார் தமக்குள் வேறொரு சொல்லால் அதனை வழங்குவதைக் குழூஉக்குறி என்பர் இலக்கண நூலார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் இதற்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுகள். தேர்வுக்காகப் படித்துப் பின் மறந்துவிடும் இவ்விலக்கணம், பட்டம் பெற்று வேலை தேடும் மாணவருக்கு இன்று பெரிதும் வேண்டப்படுகிறது. நெசவுக்குப் பெயர் பெற்ற ஆர்.கே.பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளில் வேலை தேடும் இளைஞர், அவ்வேலையை முதலில் காண்பது கைப்பேசித் திரையில்தான். அத்திரை முழுதும் படக்குறிகளும் சொற்சுருக்கங்களுமே நிறைந்துள்ளன. அவற்றைப் பிழையறப் படிக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறி நமக்குப் புதிதன்று

இராமகிருஷ்ணராஜுபேட்டை என்னும் பெயரே ஆர்.கே.பேட்டை எனச் சுருங்கிற்று. உள்ளூரார்க்கு அதன் விரிவு வேண்டுவதில்லை; அயலார்க்கோ விரித்துக் கூறினாலன்றி விளங்காது. நம் முன்னோர் கணக்கேடுகளில் நாளை ௳ என்றும், மாதத்தை ௴ என்றும், ஆண்டை ௵ என்றும், மேற்படியை ௸ என்றும் எழுதினர். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என வேறுவேறு குறியிட்டனர். இவ்விரண்டையும் மாற்றிப் படித்தால் கடன்பட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பதே தலைகீழாகிவிடும்.

திருக்குர்ஆன் ஓதக் கற்கும் சிறுவரும் குறிகளைப் பயில்கின்றனர். 'மீம்' என்னும் சிற்றெழுத்து வருமிடத்தில் கட்டாயம் நிறுத்தல் வேண்டும். 'லாம் அலிஃப்' வருமிடத்தில் நிறுத்துதல் கூடாது. நிறுத்தம் பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்பதனாலேயே ஆசான் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். ஊகித்து ஓத எவரையும் விடுவதில்லை. வேலைவாய்ப்புக் குறிகளுக்கும் இந்நெறியே பொருந்தும்.

படக்குறிகள்

வேலைவாய்ப்புத் தளங்களில் கைப்பெட்டி பணி அனுபவத்தையும், ஊசிமுனை வடிவம் பணியிடத்தையும், புனல் வடிவம் வேண்டியவற்றை வடிகட்டுதலையும், மணி புதிய அறிவிப்பையும் குறித்து வருதல் பெருவழக்கு. இவற்றுள் பெரிதும் மயக்கந்தருவது, நாடா, விண்மீன், இதயம் ஆகிய வடிவங்களுள் ஒன்றில் அமையும் சேமிப்புக் குறி. அதனைத் தொட்டால் நிறம் மாறுகிறது. 'நம் வேலை முடிந்தது' என மனம் நிறைவடைகிறது. ஆயின் நிகழ்ந்தது யாது? பின்னர்ப் படிப்பதற்காக ஓர் அடையாளம் வைக்கப்பட்டது, அவ்வளவே. விண்ணப்பம் சென்று சேரவில்லை. விண்ணப்பித்தல் வேறு, சேமித்தல் வேறு. விண்ணப்பம் சென்றமைக்குச் சான்று ஒப்புகை எண்ணோ, ஒப்புகை மின்னஞ்சலோ ஆகும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவும் இத்தகையதே. அப்பதிவு எந்தப் பதவிக்குமான விண்ணப்பமாகாது. ஒவ்வோர் அறிவிக்கைக்கும் தனித்தனியே விண்ணப்பித்தல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. உலாவியில் நாம் வைக்கும் அடையாளம் பக்கத்தின் முகவரியை மட்டுமே காக்கிறது, உள்ளடக்கத்தைக் காப்பதில்லை. பக்கம் நீக்கப்பட்டால் அடையாளம் எஞ்சும், செய்தி மறையும். ஆகவே அறிவிக்கையைத் தரவிறக்கி, இறுதி நாளைக் கையேட்டில் எழுதிக்கொள்ளுதல் நன்று.

சொற்சுருக்கங்கள்: தனியார் துறை

'சி.டி.சி.' என்பது கைக்கு வரும் சம்பளமன்று. ஒரு பணியாளருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. எடுத்துக்காட்டாக, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய் எனக் கொள்வோம். நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடாக 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ. காப்பீட்டிற்கு 3.25 விழுக்காடாக 455 ரூபாயும் செலுத்தும். எனவே விளம்பரத்தில் 16,135 ரூபாய் எனக் காட்டலாம். பணியாளர் பங்காக 12 விழுக்காடும் 0.75 விழுக்காடும், அதாவது 1,680 ரூபாயும் 105 ரூபாயும் பிடிக்கப்படும். கைக்கு வருவது 12,215 ரூபாயே. 3,920 ரூபாய் வேறுபாடு! பிடிக்கப்படுவது வீணாவதில்லை; வைப்பு நிதி பின்னாளில் உதவும், காப்பீடு நோயில் உதவும். எனினும் அறை வாடகையும் பேருந்துக் கட்டணமும் கணக்கிடும் குடும்பம், கைத்தொகையையே கேட்டறிதல் வேண்டும்.

சொற்சுருக்கங்கள்: அரசுத் துறை

மாநில அரசு அறிவிக்கைகளில் பி.வ., பி.வ.(மு), மி.பி.வ./சீ.ம., ஆ.தி., ஆ.தி.(அ) முதலிய சுருக்கங்கள் வருகின்றன. பி.வ.(மு) என்பது பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பிரிவினர்க்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு அமைந்தது. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி முஸ்லிம், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகியோர் இப்பட்டியலில் அடங்குவர். மதத்தின் பெயர் மட்டும் இதற்குப் போதாது. உட்பிரிவு சான்றிதழில் இருத்தல் வேண்டும். பி.வ. என்று பிழையாகக் குறித்துவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாற நேரும்.

ஒன்றிய அரசுப் பணிகளில் பி.வ.(மு) என்னும் பிரிவே இல்லை. அங்கு ஓ.பி.சி. பட்டியலில் தம் உட்பிரிவு உள்ளதா என்று பார்த்து, வளமான பிரிவினர் அல்லர் என்பதற்கான சான்றும் பெறுதல் வேண்டும். ஒரே மாணவர் இரு கதவுகளில் இரு பெயரால் அழைக்கப்படுகிறார்.

தமிழ் மாணவர் மறத்தலாகாத சுருக்கம் பி.எஸ்.டி.எம். தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை இது குறிக்கும். பின்னர் வந்த திருத்தத்தின்படி, பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப்படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருத்தல் வேண்டும். ஆகவே பயின்ற பள்ளிகளிலிருந்து உரிய சான்றுகளை இப்போதே பெற்றுவைத்தல் அறிவுடைமை.

முடிவுரை

மாணவச் செல்வங்கள் ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வகுத்து, குறி, அதன் விரிவு, நாம் செய்யவேண்டுவது என எழுதிவரலாம். பொருள் தெரியாத குறியை அழுத்துமுன் ஆசிரியரையோ, வேலைவாய்ப்பு அலுவலகத்தையோ கேட்கலாம். சமுதாயப் பெரியோர்கள் பள்ளிவாசல் வளாகத்திலும் படிப்பகத்திலும் இத்தகைய பட்டியலொன்றை ஒட்டிவைத்தல் பேருதவியாகும். குழூஉக்குறி அக்குழுவினர்க்கே விளங்கும் என்பது இலக்கணம். வேலை வழங்கும் குழுவின் குறிகளைக் கற்றுத் தெளிந்தவர்க்கு அது மறைமொழியாக இராது.