கூரைத் தண்ணீரும் சாக்கடையும்

வானிலிருந்து இறங்கும் மழைநீர் தானும் தூய்மையானது, பிறவற்றையும் தூய்மையாக்கக் கூடியது. மதரஸாவில் தஹாரத்துப் பாடத்தின் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படும் மஸ்அலா இது. அந்த நீரை நம் வீட்டுக் கூரையில் வாங்கி, நம் கையாலேயே நஜீஸாக்கிப் பிறர் வாசலில் விடுகிறோம் என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

சென்னை போன்ற நகரங்களில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி எனத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். பாதாளச் சாக்கடைக் குழாய் வீடுகளின் கழிவை மட்டும் கணக்கிட்டுப் பதிக்கப்பட்டது. ஆனால் வீடு கட்டும்போது மாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பக்கத்திலுள்ள கழிவுத் தொட்டியிலேயே சேர்த்துவிடுவோர் உண்டு. 'தண்ணீர் போனால் சரி' என்று வீட்டுக்காரரும் இருந்துவிடுகிறார். முற்றத்தில் மழை தேங்கினால் சாக்கடை மூடியைத் தூக்கிவிடும் வழக்கம் வேறு.

கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் இறங்குவது ஏறத்தாழ 4,600 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு 100 லிட்டர் வீதம் செலவழித்தால் நாளொன்றுக்கு 500 லிட்டர். ஆக, ஒன்பது நாள் கழிவின் அளவு சில மணி நேரத்தில் அந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. ஒரு வீடு செய்தால் குழாய் தாங்கும், தெருவே செய்தால்? மேட்டில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. பள்ளத்துத் தெருவின் மூடி வழியே அது பொங்கும். தாழ்ந்த வீடாயின் கழிப்பறை வழியே உள்ளேயே வரும். சமைப்பதும் தொழுவதும் படுப்பதும் ஒரே அறையாக உள்ள குடும்பங்கள்தாம் பெரும்பாலும் அங்கே வாடகைக்கு இருக்கின்றன. கிணற்றில் கலந்தாலோ காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் பின்தொடரும்.

தெருச் சேறு பட்ட உடையோடு தொழலாமா என்று மழைக்காலத்தில் பலர் கேட்பார்கள். தவிர்த்துக்கொள்ள முடியாத அளவு தெருச் சேற்றுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் மன்னிப்பு உண்டு. நஜீஸின் பொருளே கண்ணுக்குத் தெரிந்தால் அந்த மன்னிப்பு இல்லை; கழுவத்தான் வேண்டும். ஆனால் அவருடைய உடையை அசுத்தமாக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை! அதற்கும் ஃபிக்ஹு நூல்களில் வழி இருக்கிறது. கூரைநீர் விழும் குழாயை அரபியில் மீஸாப் என்பார்கள். அதைப் பொதுப்பாதையின் பக்கம் நீட்டலாமா என்று இமாம்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நடப்போருக்குத் தொல்லை இல்லையானால் கூடும், தொல்லையானால் கூடாது. சுத்தமான மழைநீரைப் பற்றியே இப்படியென்றால், அதைச் சாக்கடையில் சேர்த்து அண்டை வீட்டாரின் அறைக்குள் அனுப்புவதைப் பற்றித் தனி ஃபத்வா தேவையா?

குழாயைப் பிரித்துவிட்டால் மட்டும் பலன் வந்துவிடுமா என்று ஐயப்படுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து என்றொரு நகரம். அங்கே பழைய பகுதிகளில் மழைக்கும் கழிவுக்கும் ஒரே குழாய்தான். மழை பெய்தால் கழிவு பொங்கி வில்லமெட் ஆற்றில் கலக்கும். 1993 முதல் 2011 வரை வீடு வீடாகச் சென்று, 50,000க்கும் மேற்பட்ட கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துத் தோட்டத்து மண்ணில் விட்டார்கள். அதனால் ஆண்டுக்கு 100 கோடி காலனுக்கு மேற்பட்ட நீர் சாக்கடைக்குள் போகாமல் நின்றது. பூமிக்கடியில் பெரிய குழாய்களும் கட்டினார்கள்தாம். அவற்றுக்கு ஆன செலவு மிகப் பெரியது. வீட்டுக் குழாயைப் பிரிக்க ஒரு ரம்பமும் ஒரு வளைவுக் குழாயும் போதும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு வேண்டுமென 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதிகாரி கேட்டால் காட்டுவதற்கென்று ஒரு குழாயை மட்டும் குழிக்குள் விட்டு, மற்றவற்றைச் சாக்கடையிலேயே விட்டுவைப்பது சட்டத்தையும் ஏமாற்றுவது, தன்னையும் ஏமாற்றுவது. மணற்பாங்கான இடத்தில் ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு குழியே நீரை உறிஞ்சும். களிமண் நிலமானால் இன்னும் ஆழத்துக்குத் துளையிட வேண்டும். பழைய கிணறு இருந்தால், வடிகட்டி அதில் விடுவதே மேல். முதல் மழையில் மாடியின் தூசும் பறவை எச்சமும் வரும். அதைக் கிணற்றில் விடாதீர்கள். மலக்குழித் தொட்டிக்கு அருகில் ஊறல் குழி தோண்டாதீர்கள். முற்றம் முழுவதற்கும் சிமெண்டு பூசாமல் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள்.

உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறதென்று தெரியவில்லையா? ஒரு குடம் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து மாடிக் குழாயில் ஊற்றுங்கள். வீட்டுக் கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து, மேலே நின்றபடியே பாருங்கள். நீலம் அங்கே வந்தால் மழைக்கு முன்பே பிளம்பரைக் கூப்பிடுங்கள். மஹல்லாவில் பெரிய கூரை பள்ளிவாசலுடையதாகத்தான் இருக்கும். முத்தவல்லியிடம் சொல்லி அங்கும் ஒரு குடம் ஊற்றிப் பார்க்கலாம்.