கிணற்றையும் சேர்த்துப் பேசுங்கள்

கேள்வி: வயது 68. ஐந்து ஏக்கர் பூர்வீகத் தென்னந்தோப்பு இருக்கிறது. மூத்தவன் என்னோடு விவசாயம் பார்க்கிறான், இளையவன் பெங்களூரில் வேலை, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். பாகப் பேச்சை எப்படி எடுப்பது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது பேசலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மருமகன், சம்பந்தி முன்னால் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். முதலில் மூவரிடமும் தனித்தனியே, "உனக்கு என்ன எண்ணம்?" என்று கேளுங்கள். அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள்.

ஆண்கள் பேசி முடித்துவிட்டு, மகளைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். பூர்வீகச் சொத்தில் அவருக்குப் பிறப்பிலேயே சம உரிமை உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. "சீர் செய்தாயிற்றே" என்பது சட்டத்தில் எடுபடாது. அதேபோல, மூத்தவர் இத்தனை வருஷம் தோப்பில் உழைத்ததற்கு என்ன ஈடு என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்டால் பேராசைக்காரர் ஆகிவிடுவார்.

பட்டா இன்னும் உங்கள் அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

நிலத்தைவிடக் கிணற்றில்தான் தகராறு அதிகம். யாருக்கு எந்தெந்த நாள் தண்ணீர், மோட்டார் சர்வீஸ் யார் பெயரில், கடைசிப் பாகத்துக்கு வண்டிப்பாதை எத்தனை அடி என்பதெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஏறட்டும். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

உங்கள் பங்கைத் தான செட்டில்மென்டாக எழுதுவதானால், உங்களையும் வீட்டம்மாவையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் ரத்து கேட்க அந்த ஒரு வரி உதவும்.