பழைய ரயில் வண்டிகளின் சிற்றுறுப்புகள்

பழம்பொருள்களைப் பேணுதல் என்றவுடன் கோயில்களும் கோட்டைகளும் செப்பேடுகளுமே நம் நினைவிற்கு வருவன. மனிதர் ஏறிச் சென்ற ஊர்திகளும் ஒரு காலத்தின் வாழ்க்கையை எடுத்துரைக்கும் சான்றுகளே என்பதைப் பலர் கருதுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓடிய மரத்தாலாகிய பிரயாணி வண்டிகளைச் செப்பனிட்டுப் பழைய நிலைக்குக் கொணரும் தொழில் அந்நாட்டின் ரயில்வேப் பொருட்காட்சிச் சாலைகள் பலவற்றில் நடைபெற்று வருகின்றது. இல்லினாய் மாகாணத்தில் 1953-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சாலை அவற்றுள் ஒன்று. அத்தொழிலின் அரிய பகுதிகளுள் ஒன்று கைப்பிடி, கீல், தாழ்ப்பாள், சன்னற்கொக்கி, விளக்குத்தாங்கி முதலிய சிற்றுறுப்புகளை அவ்வண்டிக்கு உரியனவாகவே தேடிப் பெறுதலாம். அதன் காரணத்தையும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

சிதைந்த மரப்பலகைக்கு ஈடாகத் தேர்ந்த தச்சன் ஒருவன் புதிய பலகையை இழைத்துத் தரக்கூடும். உலோகச் சிற்றுறுப்புகளின் நிலை அத்தகையதன்று. வண்டிகளைக் கட்டியவர் ஒருவர். உறுப்புகளை வார்த்தவர் வேறொருவர். ஜார்ஜ் புல்மன் என்பார் 1867-இல் நிறுவிய சங்கத்தார் சிகாகோவில் படுக்கை வண்டிகளைப் பெருந்தொகையாகக் கட்டினர். அதே நகரில் ஆடம்ஸ் அண்டு வெஸ்ட்லேக் என்னும் நிறுவனத்தார் வண்டிகளுக்கு வேண்டிய விளக்குகளையும் பித்தளை உறுப்புகளையும் செய்து விற்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு வண்டிகள் வரவே, மரவண்டிகள் கழிக்கப்பட்டன. இரும்பை மீட்கும்பொருட்டுத் தீக்கிரையாக்கப்பட்டவை பல. குடிசையாகவும் களஞ்சியமாகவும் பயன்பட விற்கப்பட்டவை சில. எவ்வாறாயினும், எளிதிற் கழற்றத்தக்கதும் நல்ல விலை பெறுவதுமாகிய பித்தளையே முதலில் மறைந்தது. ஆதலின் வண்டியின் உடல் எஞ்சியிருப்பினும் அதன் அணிகள் எஞ்சுவது அருமை.

முதற்கண் செய்யவேண்டுவது, மறைந்த உறுப்பு எத்தகையது என்பதை ஐயமற அறிதல். அதற்குச் சிறந்த சான்று அவ்வண்டியின் மரமே. திருகாணிகள் இருந்த துளைகள் அவற்றின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் காட்டும். உறுப்பின் அடியில் வண்ணம் ஏறாது நின்ற மரப்பரப்பு அதன் உருவத்தை நிழல்போல் வரைந்து வைத்திருக்கும். அடுத்த சான்று ஏடுகள். வண்டி கட்டுவோர் அகராதி ஒன்று 1879-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று; அது வண்டியின் உறுப்புகளைப் பெயரோடும் படத்தோடும் விளக்குவது. புல்மன் சங்கத்தாரின் ஆவணங்கள் சிகாகோ நகரத்து நியூபெரி நூல்நிலையத்தில் உள்ளன. மரம் கூறுவதும் ஏடு கூறுவதும் ஒத்திருப்பின் நாம் துணிந்து மேற்செல்லலாம். முரண்படின் மரத்தையே பெரிதும் நம்புதல் வேண்டும். ஏடு, செய்யக் கருதியதைக் கூறும். மரமோ செய்ததைக் கூறும்.

இரண்டாவது, கிடைத்த பொருளின் காலத்தை ஆராய்தல். தலையில் சிலுவைபோன்ற குறுக்குப்பள்ளம் உடைய திருகாணி 1930-ஆம் ஆண்டுகளின் நடுவில் வழக்கிற்கு வந்தது. அதனை 1890-இன் வண்டியிற் காணின் பிற்காலத்தார் செருகியது எனத் தெளியலாம். குரோமிய முலாமும் 1920-ஆம் ஆண்டுகளிற்றான் வாணிகத்தில் பரவியது. மரையின் அளவும் ஒரு சான்றாகும். இங்கிலாந்தில் 1841-இல் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் 1864-இல் செல்லர்ஸ் வகுத்ததன் கோணம் 60 பாகை. அரை அங்குல ஆணியில் முன்னதற்கு அங்குலத்திற்கு 12 சுற்று, பின்னதற்கு 13. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா.

மூன்றாவது, பொருளைப் பெறும் வழி. அதே வகை வண்டியொன்றிலிருந்து கழற்றிக்கொள்ளுதல் எளிய வழியாகத் தோன்றும். ஆயின் ஒன்றை முழுமையாக்க மற்றொன்றைக் குறைபடுத்துதல் பேணுதலாகுமா? காத்தற்கியலாதபடி சிதைந்த வண்டியிலிருந்து மட்டுமே கொள்ளுதலும், எதிலிருந்து எதனை எடுத்தோம் என்பதை எழுதி வைத்தலும் நேரிய முறையாம். பழம்பொருள் விற்போரிடம் வாங்குங்கால் அது களவுபோன பொருளன்று என்பதையும், புதிதாய் வார்த்துப் பழமை நிறம் ஏற்றிய போலியன்று என்பதையும் தேர்ந்து தெளிதல் கடன்.

எங்கும் கிடையாவிடத்துப் புதிதாக வார்ப்பதே வழி. ஈண்டுப் பௌதிக நூல் அறிவு வேண்டும். உருகிய பித்தளை ஆறி இறுகும்போது ஓரடிக்கு ஏறக்குறைய 3/16 அங்குலம் சுருங்கும். பழைய உறுப்பையே அச்சாக மணலில் அழுத்தி வார்ப்போமாயின், 12 அங்குலப் பொருளின் படி 11 13/16 அங்குலமே இருக்கும். அப்படியிலிருந்து மற்றொரு படி எடுப்பின் ஏறக்குறைய 11 5/8 அங்குலமாகும். துளைகளோ பழைய மரத்துளைகளுக்கு நேர்படா. ஆகையால் மாதிரி செய்வோர், சுருக்கத்திற்கு ஈடாக அளவு பெருக்கப்பட்ட தனி அளவுகோலைக் கொண்டு புதிய மாதிரியை மரத்தில் செதுக்குவர். உலோகக் கலவையின் நிறமும் பழையதனோடு ஒத்தல் வேண்டும்.

இவ்வாறு ஆக்கிய உறுப்பின் பின்புறத்தில் ஆண்டைப் பொறித்து வைத்தல் நன்று. புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இயைந்திருத்தல் வேண்டும். எனினும் பழையதினின்று பிரித்தறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என 1964-இல் வெனிஸ் நகரிற் கூடிய அறிஞர் கட்டடங்களுக்கு வகுத்த நெறி வண்டிகளுக்கும் பொருந்துவதே. பார்ப்போர் கண்ணுக்கு இனிமையும், ஆராய்வோர் அறிவுக்கு உண்மையும் ஒருங்கே கிட்டும்.

பழமைக்கும் ஓர் எல்லையுண்டு. பழைய வளையமும் முளையும் கொண்ட இணைப்புகளால் வண்டி பூட்டிய தொழிலாளர் பலர் கைவிரலையும் உயிரையும் இழந்தனர். அதனாலேயே 1893-இல் அமெரிக்கச் சட்டமன்றத்தார் தானே பூட்டும் இணைப்பையும் காற்றுத் தடையையும் கட்டாயமாக்கினர். காட்சிக்கு நிற்கும் வண்டியில் பழைய இணைப்பு இருக்கலாம். பிரயாணிகளை ஏற்றி ஓடும் வண்டியிலோ உயிர்க்காப்பே முதன்மையானது. அவ்விடத்துப் பழமை வழிவிடுதல் முறையே. கழற்றிய பழைய உறுப்பை எறியாது பெயர்ச்சீட்டுடன் காத்து வைத்தல் வேண்டும்.

ஒரு தாழ்ப்பாளைத் தேடும் இவ்வேலையில் சரித்திரம், பௌதிகம், இரசாயனம், தச்சு, வார்ப்பு என்னும் பலவும் ஒன்று சேர்கின்றன. யாவற்றிற்கும் மேலாக வேண்டுவது நேர்மை. எவரும் நோக்காத பின்புறத்திலும் உண்மையைப் பொறித்து வைப்பவனே பழமையைக் காப்பவன் எனப்படுதற்கு உரியவன். கல்வி பயிலும் நாமும், எடுத்த செயல் சிறிதாயினும், சான்று கண்டு துணிதலையும், அறிந்ததையும் ஆக்கியதையும் பிரித்துக் காட்டுதலையும் வழக்கமாகக் கொள்வோமாக.