ஒரு முறை எண்ணினால் போதுமா?

சிவகாசி வட்டாரத்து வடமலாபுரம், 1916-இல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவரைக் கொண்டு ஆராய்வித்த கிராமங்களுள் ஒன்றாகும். 1936-37-இலும் 1980-களிலும் ஆய்வாளர்கள் அங்கு மீண்டும் சென்றனர். இதனால் ஊரின் மாறுதல் விளங்கிற்று.

எனினும், ஊர் உயர்ந்தால் ஒவ்வொரு வீடும் உயர்ந்ததாகாது. திருத்தங்கலில் படித்தவர் தொகை பெருகலாம்; ஆனால் வெடிவிபத்தில் தந்தையை இழந்த பிள்ளை பள்ளியை விட்டுத் தொழிலுக்குச் சென்றது சராசரிக் கணக்கில் மறைந்துபோகும். அதே குடும்பத்தை ஆண்டுகள் கடந்தும் கண்டு வினவினாலன்றி இது புலப்படாது.

ஆகவே, இத்தகைய கணக்கெடுப்பு நடைபெறும்பொழுது, முன்பு குறித்த குடும்பங்களை அடையாளங்காட்டுவதும், பிழைப்பிற்காக வெளியூர் சென்றோரின் இருப்பிடத்தைத் தெரிவிப்பதும் ஊராட்சி உறுப்பினர்தம் கடமையாம். கணக்கில் விடுபட்ட வீடே நம் உதவியை மிகவும் வேண்டி நிற்கும் வீடாக இருக்கக்கூடும்.