மூவரும் ஓரறையில்

சென்ற பொங்கல் விழாவிற்கென ஒரு பாட்டைப் பதிவு செய்யச் சங்கத்து நண்பர் மூவர் கோந்த்வாவுக்குச் சென்றனர். சுமை தூக்க நானும் உடன் போனேன்.

மாடியில் ஒரு சிற்றறை. அதுவே ஒலிப்பதிவுக் கூடம். சுவரெங்கும் தடித்த பஞ்சுப் பலகைகள். கை தட்டினேன், எதிரொலியே எழவில்லை.

அங்குள்ள வழக்கம் இது. ‘டிக், டிக்’ என்னும் தாள ஒலியைக் காதில் கேட்டபடி முதலில் மிருதங்கம் தனியே வாசிக்க வேண்டும். அடுத்து வயலின். பாடுபவர் கடைசியில் வருவார். ஒவ்வொன்றும் தனித்தனித் தடமாதலின், பிழைபட்ட இடத்தை மட்டும் வெட்டியெறிந்து மீண்டும் வாசிக்கலாம். எளிய வசதியா இது!

நிற்க. நம் மிருதங்க நண்பர் டிக்கிற்கு வாசித்தார். பிழையில்லை, உயிருமில்லை. பாடகியின் மூச்சைப் பார்த்துப் பழகிய கை அது. சரணத்தில் அவர் சற்றே நின்று எடுக்குமிடத்தில் மிருதங்கமும் காத்திருக்கும். யந்திரம் காத்திருக்குமா?

“மூவரும் சேர்ந்தே வாசிக்கிறோம்” என்றோம். பொறியாளர் தயங்கினார். அவர் தயக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி புகுந்துவிட்டால் பிறகு தனியே திருத்த இயலாது. அன்றியும், ஒரே குரல் இரு மைக்குகளை வெவ்வேறு நேரத்தில் சென்று சேரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. இரு தொலைவுகளுக்கும் 17 சென்டிமீட்டர் வேற்றுமை இருந்தால், நொடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியில் ஒன்றன் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும். கலக்கும்போது குரல் மெலியும். பௌதிக வகுப்பில் இதைப் படித்தபோது அடியேன் உறங்கியிருக்க வேண்டும்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய நாளில் மைக்கே கிடையாது. கூம்புக் குழலின் முன் பாடினார்; குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டும். வெட்டி ஒட்ட வழியில்லை. மெழுகுத் தட்டு கடல் கடந்து ஹானோவருக்குச் செல்ல வேண்டுமாகையால், யார் பாட்டென்று அங்குள்ளோர் அறிய, முடிவில் தம் பெயரையும் உரக்கச் சொன்னார். மின்வழிப் பதிவு பரவியது 1925க்குப் பின்னரே.

பொறியாளர் இறுதியில் இசைந்தார். பின்புற ஒலியை அதிகம் வாங்காத மைக் ஒன்றைப் பாடகிக்கு வைத்து, அதன் முதுகை மிருதங்கத்தை நோக்கித் திருப்பினார். மைக்கிற்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் போல் மும்மடங்குக்கு மேல் தள்ளி அடுத்த மைக்கை நிறுத்தினார். அரைமணி நேரம் இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்.

நான்காம் முறை பாட்டு அமைந்தது. சரணத்தில் வயலின் ஓரிடத்தில் சறுக்கிற்று. அதை நீக்கினால் குரலும் போகும். விழாவன்று சறுக்கலோடேயே ஒலிக்கவிட்டோம். வயலின் நண்பர் மட்டும் அவ்விடம் வந்ததும் தலை குனிந்து கொண்டார்.