கடைக் கணினி இடைநடுவில் அணைந்துவிடுகிறதா? புதியது வாங்குமுன் சூட்டைப் பாருங்கள்

பில் போடவும், இருப்புப் பார்க்கவும், கடன் கணக்கு வைக்கவும் கணினியை நம்பியிருக்கும் கடைகள் யாழ்ப்பாணத்தில் இன்று ஏராளம். நகைக்கடை, புடவைக்கடை, ஹாட்வெயார் கடை என்று வேறுபாடில்லை. ஆனால் அந்தக் கணினிகளுள் பல, வேறெங்கோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு இரண்டாம் கையாக வந்து சேர்ந்தவை. புதியது வாங்குவதும் இலேசான காரியமல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த அடியிலிருந்து கணினி விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே சிறு வியாபாரிக்கு இலாபம்.

பழைய மேசைக் கணினிகள் பற்றி வர்த்தகர்கள் சொல்லும் முறைப்பாடுகளில் முக்கியமானது இது: "காலையில் நன்றாக வேலை செய்கிறது. பதினொரு மணிக்குப் பிறகு தானாக அணைந்துவிடுகிறது." திருத்தக் கொடுத்தால் சில இடங்களில் "போர்ட் போய்விட்டது, புதியது வாங்குங்கள்" என்ற பதில் உடனே வரும். அதை ஏற்குமுன், காரணம் வெறும் சூடா என்று பார்த்துவிடுவது நல்லது. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

திருத்த வேலையில் இறங்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கணினி திடீரென்று அணையும்போது அதன் இரும்பைவிட அதிக ஆபத்தில் இருப்பது உள்ளே இருக்கும் கணக்கு. பில் எழுதப்படும் அதே கணத்தில் மின்சாரம் நின்றால் கோப்பு பழுதடையலாம். சில வேளை முழுக் கணக்கும் திறக்காமல் போகலாம். புதிய கணினியைப் பணம் கொடுத்து வாங்கலாம். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற விபரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது நம்மிடம் கடன் வாங்கியவருக்கும் நமக்கும் இடையிலான அமானிதம்.

எனவே காலையில் கணினி குளிர்ந்திருக்கும் நேரத்தில் கணக்குக் கோப்புகளை இரண்டு பென் டிரைவ்களில் பிரதி செய்யுங்கள். ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வையுங்கள். கடன்காரர் பட்டியலைக் கடதாசியிலும் அச்சடித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே கணினியைத் திறக்க வேண்டும்.

ஏன் அணைகிறது?

கணினியின் மூளையான புரொசெசர் வேலை செய்யும்போது சூடாகும். அதன்மேல் 'ஹீட் சிங்க்' எனப்படும் அலுமினியத் தகடுகளும், அவற்றுக்குக் காற்று வீசும் சிறு மின்விசிறியும் இருக்கும். இவை சூட்டை வெளியேற்றத் தவறினால் புரொசெசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். பல இன்டெல் புரொசெசர்களில் இது சுமார் 100 பாகை செல்சியஸ் அளவில் நடக்கும். அதற்கும் மேலே சூடு ஏறினால் எரிந்துபோகாமல் இருக்க முழுக் கணினியையும் நிறுத்திவிடும். ஆகவே தானாக அணைவது பெரும்பாலும் கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் செயல்.

இந்தப் பாதுகாப்பின் பெறுமதியை 2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் என்ற இணையத்தளம் ஒரு பரிசோதனையில் காட்டியது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து தப்பியது. பாதுகாப்புச் சரியாக இல்லாத அன்றைய அத்லோன் புரொசெசர் புகைவிட்டு எரிந்தது. அதன் பின்னர் வந்த கணினிகளில் இந்தக் காவல் சாதாரணமாகிவிட்டது. நமது கடைக் கணினி அணைகிறது என்றால் அந்தக் காவல் இன்னும் விழித்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

சூடுதானா என்று கண்டறிவது எப்படி?

1. நேரத்தைக் கவனியுங்கள். போட்டுப் பத்து இருபது நிமிடங்களின் பின் அணைந்து, உடனே மீண்டும் போட்டால் முன்னதைவிட விரைவாக அணைந்தால் அது சூட்டின் அடையாளம். அரைமணி ஆறவிட்டபின் மீண்டும் நன்றாக ஓடினால் சந்தேகம் மேலும் உறுதியாகும்.

2. எப்போது அணைகிறது என்று பாருங்கள். பிரின்டர் இயங்கும் கணத்திலோ மின் அழுத்தம் தாழும்போதோ அணைந்தால் பவர் சப்ளை அல்லது யூ.பீ.எஸ். மீது சந்தேகம் கொள்ளவேண்டும். நீலத் திரை வந்து நின்றால் ரேம் அல்லது ஹார்ட் டிஸ்க் பழுதாக இருக்கலாம். சூடு என்றால் பெரும்பாலும் எந்த அறிவித்தலும் இல்லாமல் திரை கறுத்துவிடும்.

3. வெப்பநிலையைப் படியுங்கள். கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி 'பயோஸ்' பகுதிக்குள் சென்றால் பல கணினிகளில் புரொசெசரின் வெப்பநிலையும் மின்விசிறியின் வேகமும் தெரியும். விண்டோஸ் ஓடும்போது பார்க்க 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. சும்மா இருக்கையில் 35 முதல் 50 பாகை வரை, வேலை செய்கையில் 60 முதல் 80 வரை இருந்தால் கவலையில்லை. 90ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காரணம் தெரிந்துவிட்டது.

4. மூடியைக் கழற்றிப் பாருங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை மின்விசிறியை உள்ளே வீசவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள். அன்று முழுவதும் அணையாமல் இருந்தால் பழுது சூட்டில்தான். இது சோதனைக்கு மட்டுமே. அப்படியே விட்டுவிட்டால் புழுதியும் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறும்.

விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பகுதியில் 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவைக் காட்டி "பவர் சப்ளை போய்விட்டது" என்று சொல்பவர்களும் உண்டு. கணினி ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது.

நமது ஊரின் காற்றும் புழுதியும்

ஹீட் சிங்க் அறையின் காற்றைவிடக் கணினியைக் குளிர்விக்க முடியாது. அறையின் வெப்பம் பத்துப் பாகை கூடினால் புரொசெசரின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். குளிரூட்டிய அலுவலகத்தில் 24 பாகையில் பிரச்சினையின்றி ஓடிய கணினி, தகரக் கூரையின் கீழ் 35 பாகையில் தடுமாறுவது இதனால்தான்.

இதற்கு மேலாகச் சோளகக் காற்று உண்டு. மே முதல் செப்டம்பர் வரை வீசும் அந்தக் காற்று தெருப் புழுதியைக் கடைக்குள் கொண்டுவரும். கரையோரத்தில் உப்பும் சேர்ந்து வரும். புடவைக்கடையில் நூல் துகளும், அரிசி, மாக் கடைகளில் மாத்தூளும் அதனுடன் கலக்கும். இவை மின்விசிறிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் கம்பளித் துணிபோலப் படிந்துவிடும். மேலே பார்த்தால் மின்விசிறி சுற்றுவதுதான் தெரியும். காற்று தகடுகளுக்குள் போகாது.

திருத்தும் முறை

மின் வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குங்கள். கணினியைக் கடைக்கு வெளியே கொண்டுசென்று, மூக்கை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கணினியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடலிலுள்ள நிலைமின் நீங்கும்.

புழுதி: மென்மையான பெயின்ட் பிரஷ்ஷினால் தட்டி, புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது மின்விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது வேகமாகச் சுழன்று பழுதாகலாம். டயர் கடைக் கொம்பிரசர் வேண்டாம். அதன் அழுத்தம் அதிகம், குழாயில் நீர்த்துளியும் வரும். ஈரத்துணியும் கூடாது.

மின்விசிறி: கையால் சுற்றினால் இலேசாகச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தாலோ கரகரவென்று சத்தமிட்டாலோ மாற்றிவிடுங்கள். ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் சில வாரங்களுக்கு உதவும், அதற்கு மேல் நம்ப முடியாது.

பேஸ்ட்: புரொசெசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் பூசப்பட்டிருக்கும். பல ஆண்டுகளில் அது சுண்ணாம்புபோலக் காய்ந்துவிடும். ஹீட் சிங்கைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் இரு பக்கமும் துடைத்து, புதிய பேஸ்ட்டை ஒரு பயறளவு நடுவில் வைத்தால் போதும். அதிகம் பூசினால் பயனில்லை. பற்பசை பூசுவது வெறும் ஏமாற்று வேலை. பழைய ஏ.எம்.டி. கணினிகளில் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புரொசெசரே பிடுங்கப்பட்டு வரலாம். முதலில் கணினியைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து வயரைக் கழற்றியபின் ஹீட் சிங்கை மெதுவாகத் திருகி எடுங்கள்.

பூட்டு: இன்டெல் கணினிகள் பலவற்றில் ஹீட் சிங்க் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் நிற்கும். ஒன்று கழன்றாலே ஒரு பக்கம் தூக்கிவிடும். சில நிமிடங்களில் கணினி அணையும். எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பூட்டி, மெல்ல அசைத்துப் பாருங்கள்.

வைக்கும் இடம்: காசுமேசையின் கீழே மூடிய தட்டுக்குள் கணினியை அடைத்து வைக்காதீர்கள். பின்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையிலிருந்து இரண்டு கல் உயரத்தில் வைத்தால் கடை கழுவும் நீரும் புழுதியும் எட்டாது. அழகுக்குப் போடும் துணி உறையைக் கணினி ஓடும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

கைவைக்கக் கூடாத இடம்

பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அதன் மின்விசிறி நின்றிருந்தால் பெட்டியையே மாற்றுங்கள்.

மதர்போட்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ பழுப்பு நிறத்தில் கசிந்தோ இருந்தால் துப்புரவு செய்து பயனில்லை. 2000களின் முற்பகுதியில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் கணினிகள் பழுதாகின. டெல் நிறுவனம் தனது ஒப்டிபிளெக்ஸ் கணினிகளின் இந்தப் பழுதுக்காக 2005இல் 300 மில்லியன் டொலர் செலவைக் கணக்கில் எழுதவேண்டி வந்தது. "போர்ட் போய்விட்டது" என்று திருத்துநர் சொன்னால், எந்தப் பாகம் என்று காட்டச் சொல்லுங்கள். வீங்கிய கெப்பாசிட்டரைக் காட்டினால் அவர் சொல்வதை நம்பலாம்.

திருத்துவதா, மாற்றுவதா?

புழுதி, பேஸ்ட், மின்விசிறி ஆகிய மூன்றும் புதிய கணினி விலையில் மிகச் சிறிய பங்கே. இவற்றோடு சரியானால் திருத்துவதே இலாபம். மதர்போட்டும் பவர் சப்ளையும் சேர்ந்து மாற்றவேண்டி வந்தால் அந்தப் பணத்தை வேறொரு கணினியில் போடுவது நல்லது. இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அதில் ஓடும் பழைய கணினியைப் பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலைகளையும் மின்னஞ்சலையும் வேறொன்றில் செய்வது பாதுகாப்பு.

தராசையும் படிக்கல்லையும் வியாபாரி சுத்தமாக வைத்திருப்பதுபோல் கணினிக்கும் ஆண்டில் இரண்டு நாட்களை ஒதுக்குங்கள். சோளகம் தொடங்குமுன் ஏப்ரலில் ஒன்று, அது முடிந்தபின் ஒக்டோபரில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையை ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வையுங்கள். போன தடவையைவிடப் பத்துப் பாகை கூடியிருந்தால், கணினி அணையத் தொடங்குமுன்பே அதன் காரணத்தைத் தேடிவிடலாம்.