வல்லூரில் பியானோ கற்க: எதற்கு யாரிடம் போவது?

வல்லூர் அனல்மின் நிலையத்திலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே பியானோ கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, "பக்கத்துல நல்ல மாஸ்டர் யாராவது இருக்காங்களா?" என்றுதான். நமக்கு எங்கே தட்டுகிறது என்று தெரியாமல் மாஸ்டரைத் தேடினால் பணமும் போகும், ஆசையும் போகும். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் போனபோது அவருக்கு ஆர்மோனியம் ஏற்கெனவே கைவந்திருந்தது. மேற்கத்திய இசையை முறைப்படி படிக்கவும் எழுதவும்தான் அங்கே போனார். தேவை தெளிவாக இருந்ததால் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தார்.

முதல் வேலையாக, நீங்கள் வாசிப்பதைப் போனில் படம் பிடியுங்கள். போனை எதிரே வைக்க வேண்டாம்; பக்கவாட்டில், கட்டைகளின் மட்டத்துக்கு வையுங்கள். வலது கையால் சி மேஜர் ஸ்கேலை மெதுவாக வாசியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்று கட்டை போனதும், கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து நான்காவதான எஃப் கட்டையைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். முழங்கை தூக்குகிறதா? மணிக்கட்டு வெட்டி இழுக்கிறதா? எஃப் மட்டும் ஓங்கி ஒலிக்கிறதா? அப்படியென்றால் கோளாறு கையில். இதற்கு யூடியூப் போதாது, அது உங்கள் கையைப் பார்க்காது. பக்கத்தில் உட்கார்ந்து தோளையும் மணிக்கட்டையும் தொட்டுத் திருத்துகிற ஒருவர் கட்டாயம் வேண்டும். வலி இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கை சரியாக ஓடி, நோட்டேஷன் படிப்பதுதான் தடுமாறுகிறது என்றால் நேரில் போக வேண்டிய அவசியமில்லை. தியரிப் புத்தகமும் ஆன்லைன் வகுப்பும் போதும். இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு இதுவே வசதி. ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வுகளில் 6ஆம் கிரேடு எழுத, 5ஆம் கிரேடு தியரியை முடித்திருப்பதுதான் வழக்கமான பாதை. அதனால் தியரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாட்டைக் கேட்டதும் கார்ட்ஸ் பிடிக்க வேண்டும் என்பது ஆசையா? மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துச் சர்ச்சுகளில் வாசிக்கிற கீபோர்டு அண்ணன்களைப் பிடியுங்கள். பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் கூடவே போகிற அந்தக் காது பெரிய படிப்பு. பல மாஸ்டர்களிடம்கூட அது கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேசிப் பாருங்கள். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தாமல் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது கருவி. 61 கட்டைக் கீபோர்டு ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் டிரினிட்டி இசைத் தேர்வில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் உண்டு. எதை எழுதப்போகிறீர்கள் என்பதை மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பியானோ என்றால், அழுத்தினால் கனம் தெரிகிற 88 கட்டை டிஜிட்டல் பியானோவாவது வேண்டும். இல்லாவிட்டால் தேர்வறைப் பியானோவில் விரல் தடுமாறும். பழைய மரப் பியானோ வாங்கினால், எண்ணூர் பக்கத்து உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். அதற்கு டியூனரைக் கூப்பிடுங்கள். மாஸ்டரைக் கேட்டுப் பயனில்லை.

உள்ளூரில் வாரம் ஒரு வகுப்பு, சென்னையில் மாதம் ஒருமுறை தேர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் கையைக் காட்டுவது: இந்த இணைப்புதான் நம் பகுதிக்கு ஏற்றது என்பேன். அத்திப்பட்டிலோ மீஞ்சூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து அண்ணா சாலை பக்கம்தான். 1842இல் தொடங்கிய இசை நிறுவனமான மியூசி மியூசிக்கல் அங்கே இருக்கிறது. ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் நகரத்தில் உண்டு.

யாரிடம் சேர்ந்தாலும் முதல் வகுப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: மாஸ்டர் உங்கள் கையைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? அடுத்த வாரத்துக்குள் எந்த நான்கு பாரை, எந்த வேகத்தில் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாரா? சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்டும் பதில் வராவிட்டால், அந்த மாதக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஆளைத் தேடலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் வகுப்பு தவறினால் பணம் கழியுமா, வேறு நாள் தருவாரா என்பதையும் சேரும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.